பழைய ஃபைபர் பாடி டிராக் ரேஸ் கார் ரெஸ்டோர் பண்ணப் போறீங்களா? சென்னையில எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்

ஒரு காலத்துல டிராக் (drag) ரேஸ், அதாவது நேர்கோட்டுல கால் மைல் பாயற ரேஸ், ஓடின ஃபைபர் பாடி கார் ஒண்ணு உங்க கண்ணுல பட்டிருக்கு, வாங்கலாமா வேணாமான்னு ராத்திரி தூக்கம் வரல, அப்படின்னா இது உங்களுக்குத்தான். நான் ஒரு சிபானி டால்ஃபின் எடுத்துட்டு வந்து, யாரைக் கேக்குறது எங்க போறதுன்னே தெரியாம பழைய கார் சாமான் விக்கற புதுப்பேட்டைக்கும் பாரிஸ் கார்னருக்கும் அம்பத்தூருக்கும் ஆர்டிஓ ஆபீஸுக்கும் அலைஞ்சு, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி, கடைசியில வண்டி ஓடுச்சு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்னுதான் வரிசையா எழுதறேன்.

டால்ஃபின் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1982-ல பெங்களூர் சிபானி கம்பெனி விட்ட ரெண்டு கதவு கார், இங்கிலாந்து ரிலையன்ட் கிட்டன்தான் இதோட மூலம், 848 சிசி அலுமினிய என்ஜின், பின் வீல் டிரைவ், கீழ இரும்பு சேஸ், மேல ஃபைபர் பாடி. வெயிட் கம்மிங்கறதால ரேஸ்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி. உங்ககிட்ட இருக்கறது வேற ஃபைபர் வண்டியா இருந்தாலும் கீழ சொல்றதுல முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ஃபைபர் துருப்பிடிக்காது, அதனாலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. நாப்பது வருஷம் ஆன வண்டியும் மேல பாத்தா பளிச்னு நிக்கும், கீழ சேஸ் அப்பளமா நொறுங்கிட்டிருக்கும். அதனால வேலை வரிசை எப்பவும் பேப்பர், சேஸ், கேஜ் (வண்டி உருண்டா ஆளைக் காப்பாத்தற இரும்பு பைப் கூண்டு), கடைசியாத்தான் பாடி. நிறைய பேர் தலைகீழா பண்ணி, பெயின்ட் அடிச்ச பாடியை மறுபடி கழட்டி வச்சிட்டு உக்காந்திருக்காங்க.

1. ரோடா, ரேஸா? இதை முதல்ல முடிவு பண்ணுங்க

ரெண்டும் வேணும்னு ஆசைப்படுவீங்க. சட்டம் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. கேஜ் போட்டு, சீட்டைத் தூக்கி, கண்ணாடிக்குப் பதிலா பாலிகார்பனேட் போட்ட வண்டியை ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி ஆர்சி ரினியூ பண்றது நடக்கற காரியம் இல்ல. அதுவும் இல்லாம ஹெல்மெட் போடாம ரோட்டுல ஓட்டறப்போ அந்த கேஜ் பைப்பே உங்க மண்டைக்கு எமன்.

சர்க்யூட்ல மட்டும்தான் ஓட்டப் போறேன்னா ஆர்சி உயிரோட இருக்கணும்னு அவசியம் இல்ல, வண்டியை ஃபிளாட்பெட்ல ஏத்தி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டு போயிடலாம். ஆனா வண்டி உங்களோடதுதான்னு காட்ட ஏதாவது ஒரு பேப்பர் கையில இருக்கணும், வழியில போலீஸ் நிறுத்தினா பில்லும் பழைய ஆர்சி காப்பியும்தான் பேசும்.

அடுத்த மாயை, விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன். 2021-ல வந்த விதிப்படி முதல் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான் அது. புதுசா பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் ரினியூ பண்ண 5,000, நம்பர்ல விஏன்னு எழுத்து வரும். எக்சிபிஷன், ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண, இந்த மாதிரி காரணத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. டால்ஃபினுக்கு 2032-க்கு முன்னாடி அந்தப் பேச்சே கிடையாது, அப்பவும் பாடி, சேஸ், என்ஜின் பெருசா மாத்தாம இருக்கணும். "சார் விண்டேஜ்ல போட்டுக்கலாம், நான் பாத்துக்கறேன்"னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

2. வாங்கறதுக்கு முன்னாடி வண்டியில என்ன பாக்கணும்

பகல் வெளிச்சத்துல போங்க. கையில அஞ்சு ரூபாய் காயின், ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர், டார்ச், பழைய பாய் ஒண்ணு.

காயினால பாடி முழுக்க மெதுவா தட்டிட்டே போங்க. நல்ல இடத்துல டக் டக்னு கூர்மையா கேக்கும், உள்ள லேயர் பிரிஞ்சு போன இடத்துல சத்தம் செத்துப்போய் மொத்துனு வரும். அந்த இடங்களை சாக்பீஸால வட்டம் போட்டு போட்டோ எடுத்துக்கங்க, விலை பேசறப்போ உதவும். கதவு மூலை, கீல் பக்கம், பானெட் கீல், பம்பர் போல்ட் இருக்கற இடம், இங்கதான் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடும். டிராக் ஓடின வண்டின்னா ஒவ்வொரு லாஞ்சுக்கும் (நின்ன இடத்துல இருந்து முழு வேகத்துல கிளம்பறது) சேஸ் முறுக்கி முறுக்கி கதவுக்கு மேல் மூலையில கண்டிப்பா ஒரு கோடு இருக்கும், இல்லேன்னா யாரோ பட்டி போட்டு மூடியிருக்காங்க. பட்டி எவ்வளவு கனம்னு காந்தம் வச்சு பாக்கலாம்னு நினைக்காதீங்க, இது ஃபைபர், காந்தம் எங்கயும் ஒட்டாது. காயின் சத்தம்தான் வழி.

அப்புறம் பாய் விரிச்சு கீழ படுங்க. சேஸை ஸ்க்ரூ டிரைவரால அழுத்தி குத்துங்க, தட்டறது இல்ல, குத்தணும். பாடி மவுன்ட் சுத்தி, பின் லீஃப் ஸ்பிரிங் ஹேங்கர், முன் சஸ்பென்ஷன் பிடிக்கற இடம், இந்த மூணும் முக்கியம். கருப்பு அண்டர்கோட் புதுசா அடிச்சிருந்தா சந்தேகப்படுங்க. ஓனர் முகம் சுளிச்சா அதுவே ஒரு பதில்.

சேஸ் நம்பரைத் தேடி போட்டோ எடுங்க. இதை விட்டுடாதீங்க, காரணம் அடுத்ததுல.

3. பேப்பர் வேலை

ரோடு வண்டியா வச்சிக்கறவங்களுக்கு இது. ரேஸ் மட்டும்னு முடிவு பண்ணவங்களும் முதல் ரெண்டு பத்தியாவது படிங்க.

பேர் மாத்த ஃபார்ம் 29, ஃபார்ம் 30. வண்டி வெளி மாநிலம்னா, அதுவும் டால்ஃபின்னா கர்நாடகா வண்டியா இருக்கலாம், அங்க இருந்து ஃபார்ம் 28 என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற சான்று. பழைய லோன் ஆர்சியில எழுதியிருந்தா ஃபார்ம் 35, அந்த ஃபைனான்ஸ் கம்பெனி இப்ப உயிரோட இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா இதுவே பெரிய தலைவலி. ஆர்சி தொலைஞ்சிருந்தா போலீஸ் சர்டிஃபிகேட்டோட ஃபார்ம் 26. ஓனர் இறந்துட்டாருன்னா இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஃபார்ம் 31, முதல்ல வாரிசு பேருக்கு மாறி அப்புறம்தான் உங்க பேருக்கு. மகன் ஒருத்தர் கையெழுத்து போட்டுக் குடுத்தா போதும்னு சொல்வாங்க, போதாது, மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லேன்னு எழுதிக் குடுக்கணும். பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே இதெல்லாம் வாங்கிடுங்க, பணம் கை மாறினப்புறம் யாரும் ஃபோன் எடுக்க மாட்டாங்க.

பெரிய சிக்கல் இதுதான்: மூணு எழுத்து பழைய நம்பர் வண்டிங்களோட ஆர்சி கையால எழுதின புக்கு. அது பல தடவை வாகன்ங்கற அரசு கம்ப்யூட்டர் சிஸ்டத்துல ஏறியே இருக்காது. பரிவாகன் வெப்சைட்ல நம்பர் போட்டா ரெக்கார்ட் இல்லேன்னு வரும். அப்ப ஒரிஜினலா ரெஜிஸ்டர் பண்ண ஆபீஸ்ல பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவை கம்ப்யூட்டர்ல ஏத்தறது) போடச் சொல்லி எழுதிக் குடுக்கணும், அங்க பழைய ரெஜிஸ்டர்ல அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கணும். இது முடியாம என்ஓசியும் இல்ல, பேர் மாத்தமும் இல்ல, ரினியூவலும் இல்ல. ஆபீஸ் எல்லைங்க பிரிஞ்சிருக்கு, பழைய ரெக்கார்ட் இப்ப எந்த ஆபீஸ்ல இருக்குன்னு முதல்ல கேட்டுட்டு போங்க. மனுவை ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணுல சீல் வாங்கி வச்சிக்கங்க, அந்த சீல் வச்ச காப்பிதான் அடுத்த தடவை உங்களைக் காப்பாத்தும்.

15 வருஷம் தாண்டின வண்டி ரினியூவலுக்கு ஃபார்ம் 25, ஒரு தடவை பண்ணா 5 வருஷம். 2025 ஆகஸ்ட்ல ஃபீஸ் ஏத்திட்டாங்க, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ரூபாய். லேட்டுக்கு மாசம் 500 தனி, ரொம்ப வருஷமா ரினியூ பண்ணாத வண்டின்னா எந்தத் தேதியில இருந்து கணக்கு போடறாங்கன்னு ஆபீஸ்ல கேட்டு தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் வண்டி விலை பேசுங்க. இது போக கிரீன் டாக்ஸ், இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட். ஆன்லைன் இன்சூரன்ஸ் லிஸ்ட்ல டால்ஃபின்னு ஒரு மாடலே வராது, அரசு இன்சூரன்ஸ் கம்பெனி பிராஞ்ச்சுக்கு நேர்ல போய் தேர்ட் பார்ட்டி கேளுங்க, போட்டுக் குடுப்பாங்க.

இப்ப சேஸ் நம்பர் விஷயம். இன்ஸ்பெக்டர் நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சிலால தேச்சு எடுப்பாரு. துருப்பிடிச்ச சேஸ்ல வெல்டர் தகடு ஒட்டறப்போ நம்பர் மேலயே ஒட்டிட்டாலோ, கிரைண்டர் போட்டுட்டாலோ கதை முடிஞ்சது. வெல்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்தைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி, மேல மார்க்கரால "தொடாதே"ன்னு எழுதுங்க. மேஸ்திரிகிட்ட வாயால மட்டும் சொன்னா பத்தாது, அவரு டீ குடிக்கப் போனப்போ பையன் தேச்சுடுவான்.

புதுப்பேட்டையில என்ஜின், கியர்பாக்ஸ் வாங்கறப்போ நம்பர் தேச்சிருந்தா எவ்வளவு சீப்பா இருந்தாலும் திரும்பி வந்துடுங்க. பில் கேளுங்க. என்ஜின் மாத்தினா ஆர்சியிலயும் ஏறணும், ரேஸ்காரங்க மாருதி என்ஜின் வச்ச வண்டின்னா முதல் கேள்வியே ஆர்சியில எந்த என்ஜின் நம்பர் இருக்குங்கறதுதான்.

4. காசும் காலமும்

மொத்தம் எவ்வளவு ஆகும்னு எல்லாரும் கேக்கறாங்க. லட்சத்துலதான் பேசணும், வண்டி வாங்கின விலையைவிட வேலைச் செலவு பல மடங்கு ஆகும், இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. என் அனுபவத்துல ரெசின் (ஃபைபருக்கு ஊத்தற பிசின்), மேட் (கண்ணாடி நூல் விரிப்பு) மாதிரி மெட்டீரியல் செலவு ரொம்பக் கம்மி, ஆள் கூலி, கேஜ், சேஃப்டி சாமான், பெயின்ட், இந்த நாலுதான் பையைக் காலி பண்ணும். எவ்வளவு நினைச்சிருக்கீங்களோ அதுல மூணுல ஒரு பங்கு தனியா ஒதுக்கி வைங்க, சேஸ் கழட்டினதும் அது எங்க போகும்னு தெரிஞ்சிடும்.

மெட்டீரியல் நீங்களே வாங்கிக் குடுங்க, கூலி மட்டும் பேசுங்க, கூலியும் வேலை வேலையா பிரிச்சுக் குடுங்க. மொத்தமா அட்வான்ஸ் வாங்கின ஒரு பட்டறையில என் பானெட் மாசக்கணக்குல சுவத்துல சாஞ்சு நின்னு, நின்ன நிலையிலேயே கோணிப்போச்சு.

காலத்தைப் பத்தி இன்னும் முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழையில ஃபைபர் வேலை பண்ணாதீங்க. காத்துல ஈரம் அதிகமா இருந்தா மேட் ஈரத்தை இழுத்துக்கும், ரெசின் சரியா செட் ஆகாது, மேல பிசுபிசுன்னு நிக்கும், பின்னாடி கொப்புளம் வரும். மே மாச மத்தியானமும் வேணாம், கலக்கி தூக்கறதுக்குள்ள டப்பாவுலயே கட்டியாயிடும். தை பிறந்தா வழி பிறக்கும்னு சொல்றது ரெசினுக்கும் சேத்துதான். ஜனவரி பாதியில இருந்து மார்ச் வரைக்கும் ஃபைபர் வேலை, ஏப்ரல் மே வெயில்ல பாடியைக் காய விட்டுட்டு பெயின்ட். மழை மாசத்துல கழட்டறது, பேப்பர், என்ஜின், வயரிங் பிளான். அப்படின்னா ஆகஸ்ட் செப்டம்பர்ல வண்டி வாங்கறதுதான் சரியான நேரம்.

5. பாடியை சேஸ்ல இருந்து தூக்கறது

கதவு ரெண்டையும் மூடின நிலையில கேப் அளந்து எழுதிக்கங்க. அப்புறம் கதவு வாசல்ல குறுக்கே இரும்பு பைப் வச்சு போல்ட் போட்டு இறுக்குங்க, ஏன்னா ஃபைபர் பாடிக்கு தனியா நிக்கற பலம் கிடையாது, தூக்கினதும் நடுவுல தொங்கும், அந்த நிலையில ஒரு மாசம் இருந்தா அப்படியே பழகிடும். பாடி மவுன்ட் போல்ட் எல்லாம் துருப்பிடிச்சு சுத்தும், சுத்தற போல்ட்டை இம்பாக்ட் கன் போட்டு இழுக்காதீங்க, உள்ள பதிச்ச தகடு ஃபைபரைப் பிச்சிட்டு வரும். கட் பண்ணிடுங்க. நாலு மூலையில ஆறு பேர் நின்னா கையாலயே தூக்கிடலாம், கிரேன் எல்லாம் வேணாம். கீழ வைக்கறப்போ மர ஸ்டாண்ட்ல பழைய கால் மிதி போட்டு சமமா வைங்க.

6. சேஸும் ரோல் கேஜும்

சேஸை சாண்ட் பிளாஸ்ட் பண்ணிடுங்க, அம்பத்தூர் எஸ்டேட்டுல பண்றாங்க. பாடியை மட்டும் சாண்ட் பிளாஸ்ட்டுக்கு அனுப்பிடாதீங்க, ஜெல்கோட்டோட (ஃபைபர் மேல இருக்கற வழவழப்பான லேயர்) ஃபைபரும் சேந்து பறக்கும். பிளாஸ்ட் பண்ணி வந்த அன்னைக்கே பிரைமர் போடணும், சென்னை காத்துல மறுநாளே பழுப்பாயிடும், பீச் பக்கம் வீடுன்னா சொல்லவே வேணாம்.

கேஜ் போடறதுக்கு முன்னாடி வேலை நேரத்துல ஒரு நாள் ரேஸ் கிளப்பையோ, ரேஸுக்கு முன்னாடி வண்டியைச் சோதிக்கற ஸ்க்ரூட்டினியரையோ பாத்து இப்ப என்ன ரூல்னு கேட்டுடுங்க. சென்னையில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் இருக்கு, இந்தியாவுல மோட்டார் ரேஸுக்கு ரூல் போடற எஃப்எம்எஸ்சிஐ ஆபீஸும் இருக்கு, இந்த வசதி வேற ஊர்க்காரங்களுக்குக் கிடையாது. உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ அளவுப்படி மெயின் ஹூப் (டிரைவர் பின்னாடி நிக்கற பெரிய வளைவு) 45 மில்லி விட்டம் 2.5 மில்லி கனம், இல்ல 50-க்கு 2. மத்த பைப் 38-க்கு 2.5, இல்ல 40-க்கு 2. சீம்லெஸ் கோல்ட் டிரான் பைப்தான், மில் சர்டிஃபிகேட்டோட வாங்குங்க. ஜிஐ தண்ணி பைப்ல கேஜ் போட்டுத் தர்றேன்னு சொல்ற ஆள் இன்னும் இருக்காங்க, பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், உருண்டா மடியும்.

ஃபைபர் கார்ல ஜாஸ்தி பேர் விழற குழி: கேஜ் காலை ஃபைபர் தரையில போல்ட் போடறது. இரும்பு பாடி கார்ல தரையில ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் தகடு வச்சு முடிச்சிடலாம், இங்க கால் நேரா சேஸுக்கு இறங்கணும், சேஸ்ல பக்கவாட்டுல நீட்டற கை மாதிரி அவுட்ரிகர் வெல்ட் பண்ணி அது மேல பிளேட் போட்டு 8.8 கிரேடு போல்ட். சீட் பெல்ட் ஆங்கரும் அப்படித்தான், சீட் ரெயிலும் அப்படித்தான். உங்க உயிரைப் பிடிக்கற எதுவும் ஃபைபர்ல நிக்கக்கூடாது.

டிராக் லாஞ்ச்ல பின் ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கை எஸ் மாதிரி முறுக்கும், அதுக்கு டிராக்‌ஷன் பார் போட ஹேங்கர் இப்பவே வெல்ட் பண்ணிடுங்க, பெயின்ட் அடிச்சப்புறம் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல. புரொபெல்லர் ஷாஃப்ட் அறுந்தா தரையைக் கிழிச்சிட்டு உள்ள வராம இருக்க ஷாஃப்டைச் சுத்தி ஒரு இரும்பு லூப்பும். ஃபைபர் தரை அதுக்கெல்லாம் தடையே இல்ல.

7. ஃபைபர் வேலை

ஆள் எங்க கிடைப்பாங்க? காசிமேட்டுல ஃபைபர் போட் கட்டறவங்க, ரிப்பேர் பண்றவங்க இருக்காங்க. ரெசின் அவங்களுக்கு அத்துப்படி, கை வேகம் பாத்தா அசந்துடுவீங்க. ஆனா அவங்க பழக்கம் கடல்ல அலை அடிக்கற கனம். சும்மா விட்டா பானெட்டையும் போட் மாதிரியே போட்டுடுவாங்க. கணக்கு பாருங்க: 450 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் ஒரு லேயர், மேட்டை மாதிரி ரெண்டரை மடங்கு ரெசின் குடிச்சா ஒரு சதுர மீட்டருக்கு ஒண்ணரை கிலோவுக்கு மேல வரும், கனம் சுமார் 1 மில்லி. ரெண்டு லேயர்னா மூணு கிலோ, நாலு லேயர்னா ஆறு கிலோவுக்கு மேல. வெயிட் குறைக்கத்தான் ஃபைபர் பாடி, அதுல நாலு லேயர் போட்டா தகரமே போட்டிருக்கலாம். பானெட், டிக்கிக்கு ரெண்டு லேயரும் உள்பக்கம் ரிப்பும் போதும், கீல், லாக் இருக்கற இடத்துல மட்டும் எக்ஸ்ட்ரா. எத்தனை லேயர், எந்த ஜிஎஸ்எம்முன்னு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிடுங்க.

மெட்டீரியலுக்கு பாரிஸ் கார்னர் பக்கம் கெமிக்கல் கடைங்க. ஐசோஃப்தாலிக் ரெசின் கேளுங்க, ஜெனரல் பர்ப்பஸைவிட விலை ஜாஸ்தி, சூட்டுக்கும் தண்ணிக்கும் நல்லா நிக்கும். ரெசின்ல கோபால்ட் (ரெசின் சீக்கிரம் செட் ஆக கலக்கறது) ஏற்கனவே கலந்திருக்கான்னு கேட்டு வாங்குங்க. உற்பத்தித் தேதி பாருங்க, பழைய ஸ்டாக்கு டப்பாவுலயே ஜெல்லி ஆயிருக்கும்.

இப்ப உயிர் விஷயம். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும், அதாவது எம்இகேபியை, நேரா ஒண்ணா ஊத்தக்கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். முதல்ல ரெசின்ல கோபால்ட், நல்லா கலக்கினப்புறம் கடைசியா ஹார்ட்னர். ரெண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில கூட வைக்காதீங்க. ஹார்ட்னர் கண்ணுல ஒரு சொட்டு பட்டா பார்வையே போயிடலாம், அதனால கண்ணாடி போடாம மூடியைத் தொறக்காதீங்க, பட்டா உடனே தண்ணியில கழுவிட்டே இருந்து கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பட்டறை ஆளுங்க வெறும் கையால, வாயில பீடியோட பண்ணுவாங்க. பீடியை வெளிய போடச் சொல்றதுக்கு கூச்சப்படாதீங்க.

அளவு: ஹார்ட்னர் 1-ல இருந்து 2 சதவீதம். சென்னை வெயில்ல 1 போதும், அதாவது அரை கிலோ ரெசினுக்கு 5 கிராம், ஊசி இல்லாத சிரிஞ்சுல அளங்க, மூடியால குத்துமதிப்பா ஊத்தற பழக்கம் வேணாம். ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல கலக்காதீங்க. காலையில ஆரம்பிச்சு பத்து பத்தரைக்குள்ள முடிச்சிடுங்க.

வெடிப்பு ரிப்பேர்ல பட்டி போட்டு தேச்சு விடறது ரிப்பேரே இல்ல, முதல் லாஞ்ச்லயே கோடு திரும்பி வரும். வெடிப்பை ஜெல்கோட் தாண்டி நல்ல ஃபைபர் வர வரைக்கும் கிரைண்ட் பண்ணி, ஓரத்தை சரிவா இழுக்கணும், கனத்தோட 12 மடங்கு அகலம், அதாவது 3 மில்லி பாடிக்கு வெடிப்போட ரெண்டு பக்கமும் 36 மில்லி. பின்பக்கம் இருந்து முதல்ல மேட் போட்டு, அப்புறம் முன்பக்கம் சின்னத் துண்டுல இருந்து பெரிய துண்டு வரைக்கும் அடுக்கணும். ரோலரால காத்தை அழுத்தி வெளிய தள்ளுங்க, வெள்ளையா தெரியற இடம் எல்லாம் ரெசின் போகாத இடம். வெடிப்பு ஏன் வந்ததுன்னும் யோசிங்க, மவுன்ட் ரப்பர் செத்திருந்தா எத்தனை தடவை ஒட்டினாலும் அதே இடம் பிளக்கும்.

எபாக்ஸி போட்டா பழைய ஃபைபர்ல இன்னும் நல்லா பிடிக்கும், வாஸ்தவம். ஆனா சாதா மேட்டை எபாக்ஸியோட போடாதீங்க, மேட்டைக் கட்டி வச்சிருக்கற பைண்டர் பாலியெஸ்டர் ரெசின்ல இருக்கற ஸ்டைரீன்லதான் கரையும், எபாக்ஸியில கரையாது, முரட்டுத்தனமா நிக்கும். எபாக்ஸின்னா நெய்த கிளாத். எபாக்ஸி மேல திரும்ப பாலியெஸ்டர் போடவும் போடாதீங்க, ஒட்டாது.

பானெட் மாதிரி ஒண்ணு முழுசா போயிருந்தா, யார்கிட்டயாவது நல்ல பானெட் இரவல் வாங்கி மோல்ட் எடுக்கலாம். மெழுகு பல கோட்டு தேச்சு, மேல பிவிஏ (மோல்டுல ஒட்டாம பிரிய விடற திரவம்) அடிச்சு, மோல்டை பாகத்தைவிட ரெண்டு மடங்கு கனமா போட்டு, முதுகுல இரும்பு ஃபிரேம் கட்டி, நல்லா காஞ்சப்புறம்தான் பிரிக்கணும். அவசரப்பட்டு மறுநாளே பிரிச்சா மோல்டும் கோணும் பாகமும் கோணும், இரவல் குடுத்தவர் முகத்துலயும் முழிக்க முடியாது.

போல்ட் வர்ற இடத்துல எல்லாம் உள்ள பெரிய வாஷரோ தகடோ குடுங்க, ரொம்ப இறுக்காதீங்க, ஃபைபர் நசுங்கும்.

கிரைண்ட் பண்றப்போ பறக்கற தூசி நுரையீரலுக்கு விஷம், கர்ச்சீப் கட்டிக்கறது மாஸ்க் இல்ல, நல்ல பார்ட்டிகுலேட் மாஸ்க் வாங்குங்க, ரெசின் வேலைக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் தனி. கைக்கு முழு ஸ்லீவ். முடிச்சதும் பச்சைத் தண்ணியில குளிங்க, வெந்நீர் ஊத்தினா ராத்திரி முழுக்க அரிச்சுட்டே இருக்கும். அந்தத் துணியை வீட்டுத் துணியோட மெஷின்ல போட்டீங்கன்னா அப்புறம் வீட்டுல நடக்கற சண்டைக்கு நான் பொறுப்பு இல்ல.

8. பெயின்ட்

பழைய பெயின்ட்டை எடுக்க ரிமூவர் போடாதீங்க, ஃபைபரையும் சேத்து தின்னும். ஹீட் கன்னும் வேணாம். உப்புத்தாள்தான், 80-ல ஆரம்பிச்சு மேல போங்க, பொறுமையா. தேய்க்கறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துடைங்க, இல்லேன்னா மேல இருக்கற மெழுகைத் தேச்சு உள்ள ஏத்திடுவீங்க, அப்புறம் பெயின்ட் மீன் கண்ணு மாதிரி குழிகுழியா விழும்.

புது ஃபைபர் மேல உடனே பெயின்ட் அடிக்காதீங்க. சில வாரம் வெயில்ல நிக்கட்டும், ஸ்டைரீன் வெளிய போய் சுருங்கறது நிக்கணும். இல்லேன்னா ஷோரூம் மாதிரி அடிச்ச பெயின்ட்ல கோடைக்குள்ள மேட் டிசைன் அப்படியே தெரியும். எபாக்ஸி பிரைமர், அப்புறம் 2கே பியு (ஹார்ட்னர் கலந்து அடிக்கற பாலியூரித்தேன் பெயின்ட்). ஊசி ஓட்டை எல்லாம் பிரைமர் போட்டப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும், அதுக்கு ஒரு நாள் தனியா வைங்க. ரோடு வண்டின்னா ஆர்சியில இருக்கற கலரே அடிங்க.

9. என்ஜின்

இதுல நான் அதிகம் சொல்லப்போறதில்ல, நல்ல மெஷின் ஷாப் சென்னையில நிறைய இருக்கு. ரிலையன்ட் என்ஜினுக்கு மட்டும்: அலுமினிய பிளாக், வெட் லைனர் (கூலன்ட் நேரா சுத்தி ஓடற தனி சிலிண்டர் குழாய்). லைனர் பிளாக்குக்கு மேல எவ்வளவு துருத்திட்டு நிக்குதுன்னு அளக்காம ஹெட்டை இறுக்கினா கேஸ்கெட் ஊதும். வெறும் தண்ணி ஊத்தி ஓட்டாதீங்க, கூலன்ட் போடுங்க, பிளாக் உள்ளயே அரிச்சிடும். கேஸ்கெட், லைனர் சீல் எல்லாம் இங்கிலாந்துல இன்னும் விக்கறாங்க. கூரியர்ல வரவழைக்கலாம், கேஒய்சி கேப்பாங்க, டியூட்டி, ஜிஎஸ்டி, கூரியர் கம்பெனி கிளியரன்ஸ் சார்ஜ் மூணும் சேரும். கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொன்னா ஏர்போர்ட்லயே நின்னுடும். எல்லாத்தையும் ஒரே ஆர்டர்ல போடுங்க.

10. வயரிங்கும் தீயும்

இரும்பு கார்ல பாடியே எர்த். இங்க பாடியில கரன்ட் போகாது. ஒவ்வொரு லைட்டுக்கும், பெட்ரோல் அளவு காட்டற மீட்டருக்கும், ஹார்னுக்கும் தனி எர்த் வயர் இழுத்து சேஸ்ல சேக்கணும். சாதாரண கார் எலக்ட்ரீஷியன் கிட்ட இதை முதல்லயே சொல்லிடுங்க, இல்லேன்னா ரெண்டு நாள் ஹெட்லைட்டை மாத்தி மாத்தி பாத்துட்டிருப்பாரு. என்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவுல தடியான எர்த் ஸ்ட்ராப், அது இல்லேன்னா ஸ்டார்ட்டர் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா போய் கேபிளையே உருக்கிடும்.

ஃபைபர் எரியும், எரிஞ்சா அணைக்கறது கஷ்டம், புகை இன்னும் மோசம். அதனால என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல தகட்டுல ஃபயர்வால், டேங்குக்கும் கேபினுக்கும் நடுவுல இன்னொண்ணு, வயர் போற ஓட்டை எல்லாம் அடைச்சிருக்கணும். வெளிய இருந்தும் உள்ள இருந்தும் அணைக்கற மாதிரி மெயின் கட் ஆஃப் சுவிட்ச். பெட்ரோல் டியூப் புதுசு, கிளிப் புதுசு. ஃபயர் எக்ஸ்டிங்குஷர் பெல்ட் போட்டு உக்காந்தபடியே கை எட்டற இடத்துல.

11. ஸ்க்ரூட்டினி, முதல் ஓட்டம்

எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸ் ஈவென்ட்டுக்கு முந்தின நாள் கேட்டா கிடைக்காது, மெடிக்கல் ஃபார்ம் எல்லாம் இருக்கு, ஒரு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணுங்க. ஹெல்மெட் பைக் ஹெல்மெட் செல்லாது, ஸ்னெல் எஸ்ஏ ரேட்டிங் பாருங்க, எம் ரேட்டிங் பைக்குக்கு, அதுக்கு தீ டெஸ்ட் கிடையாது. சீட், பெல்ட், சூட் மூணுலயும் லேபிள்ல வருஷம் இருக்கும், செகண்ட் ஹேண்ட்ல சீப்பா கிடைக்கறது பெரும்பாலும் எக்ஸ்பைரி ஆனதுதான், ஸ்க்ரூட்டினியர் முதல்ல பாக்கறதே அந்த லேபிளைத்தான். கேஜ் பைப் மில் சர்டிஃபிகேட், வெல்டிங் போட்டோ எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டு போங்க, பெயின்ட் அடிச்சப்புறம் வெல்டை யாரும் பாக்க முடியாது.

ஈசிஆர்ல ராத்திரி ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாம்னு பசங்க கிளப்பி விடுவாங்க. வேணாம். பிராக்டிஸ் டே இருக்கறப்போ சர்க்யூட்ல காசு கட்டி ஓட்டுங்க.

முதல் நாள் 402 மீட்டர் (அந்த கால் மைல்) முழுசா அழுத்தாதீங்க. பாதி தூரம், பாதி திராட்டில், அப்புறம் நிறுத்தி கீழ பாருங்க. பாடி மவுன்ட் போல்ட், கேஜ் கால் போல்ட், லீஃப் ஸ்பிரிங் யு போல்ட், வீல் நட், இந்த வரிசையில டார்க் ரெஞ்ச் போடுங்க, புது ரப்பர் மவுன்ட் அமுங்கி போல்ட் லூசாகியிருக்கும். கதவு மூலைங்களை அதே அஞ்சு ரூபாய் காயினால தட்டிப் பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா அன்னைக்கு ஓட்டம் அவ்வளவுதான், வண்டியைத் தள்ளிட்டு வந்து ஃபிளாட்பெட்ல ஏத்திடுங்க. ஃபிளாட்பெட் ஆளை சாயந்திரம் வரைக்கும் பேசி நிறுத்தி வைங்க, ஒன் வேன்னு பேசினா திரும்பி வர ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல அவங்க கேக்கற ரேட்டுதான்.